ஏரல் கடைத்தெரு மீண்டது எப்படி? வெள்ளம் கற்றுத் தந்த வியாபாரப் பாடங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும், அதைத் தொடர்ந்து தாமிரபரணியில் வந்த வெள்ளத்தையும் நமது மாவட்டத்து வணிகர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற மழையை விட அதிகம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. மேலே அணைகளிலிருந்து வந்த தண்ணீரும், உடைந்த குளங்களின் தண்ணீரும், காட்டாற்று வெள்ளமும் ஒன்று சேர்ந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பகுதிகளை மூழ்கடித்தன.

அந்த வெள்ளத்தின் துயரங்களைப் பத்திரிகைகள் அப்போதே எழுதிவிட்டன. அதைத் திரும்பச் சொல்வது நமது நோக்கம் அல்ல. நீரில் மூழ்கிய கடைத்தெரு மறுபடி எப்படி எழுந்தது, அதில் வணிகர்களாகிய நாம் சரியாகச் செய்தது எது, தவறாகச் செய்தது எது என்பதை அடுத்த மழைக்கு முன் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். ஏரலில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்துவரும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கு பாடமாக வைக்கிறோம்.

பாடம் 1: பழைய வெள்ளக் குறி எல்லை அல்ல

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது மூத்த வணிகர்களுக்கு நினைவிருக்கும். அப்போது எங்கள் கிட்டங்கியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் படிந்த சேற்றுக் கோட்டின் மேல் எங்கள் தகப்பனார் கரியால் ஒரு கோடு போட்டு வைத்தார். பிறகு கிட்டங்கியைப் புதுப்பித்தபோது அந்தக் கோட்டுக்கு மேல் ஓர் அடி விட்டு, தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் மேடை கட்டினோம். இனி நமக்குக் கவலை இல்லை என்றே நினைத்தோம்.

2023இல் அந்த நம்பிக்கைதான் எங்களைக் கெடுத்தது. பொங்கல் வியாபாரத்துக்காக அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய் எல்லாம் அந்த வாரத்தில்தான் வந்து இறங்கியிருந்தன. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மழை வலுத்தபோது, மாடிக்குக் கொஞ்சம் சரக்கை ஏற்றிவிடலாமா என்று மகன் கேட்டான். மேடை மூன்று அடி இருக்கிறது, போதும் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டோம். அன்று இரவு தண்ணீர் மேடையைத் தாண்டி ஆள் உயரத்துக்கு ஏறியது.

ஆகவே, போன வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது. விலை உயர்ந்த சரக்கு, அதாவது ஏலம், மிளகு, முந்திரி, பால் பவுடர் போன்றவை மழைக்காலத்தில் மாடியிலோ பரணிலோ இருப்பது நல்லது. இவை எடை குறைவு. இரண்டு ஆட்கள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். கடும் மழை எச்சரிக்கை வந்தால் எந்தச் சரக்கை முதலில் தூக்குவது என்ற பட்டியலை எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் யோசித்துச் செய்யலாம் என்றால் முடியாது.

பாடம் 2: கணக்கு ஓரிடத்தில் மட்டும் இருக்கக்கூடாது

மூன்று நாட்கள் கழித்து, இடுப்பளவு சேற்றில் நடந்து கடைக்குப் போனோம். சீனி மூடைகள் அடுக்கியிருந்த இடத்தில் வெறும் சாக்குகள் கிடந்தன. உளுந்தும் துவரையும் ஊறிப் பருத்து, சாக்குத் தையல் பிரிந்து கொட்டிக் கிடந்தன. வற்றல் மூடைகள் மிதந்து போய் வாசல் கதவில் அடைத்து நின்றன. நாற்றம் தாங்க முடியவில்லை. ஆனால் எங்களை உட்கார வைத்தது சரக்கு அல்ல, கணக்கு.

எங்களிடம் பற்று வைத்து வாங்கும் சில்லறைக் கடைகள் நாற்பத்திரண்டு. ஏரல், குரும்பூர், ஆத்தூர், பெருங்குளம் பக்கத்துக் கிராமக் கடைகள். கம்ப்யூட்டரில்தான் பில் போட்டு வந்தோம். கம்ப்யூட்டர் தண்ணீருக்குள் கிடந்தது. நகல் எடுத்து வைத்த பென் டிரைவ் அதே மேஜையின் இழுப்பறையில் இருந்தது. இன்சூரன்ஸ் பாலிசியும், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றும், உணவு உரிமமும் பீரோவின் அடித்தட்டில் சேறாகியிருந்தன.

எங்கள் கணக்கப்பிள்ளை பழைய காலத்து மனிதர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் தம் வழக்கப்படி ஒரு தடித்த நோட்டில் பாக்கிகளைக் கைப்பட எழுதி வந்தார். அதற்காக நாங்கள் அவரைக் கேலி செய்ததும் உண்டு. அந்த நோட்டும் நனைந்துதான் கிடைத்தது. பென்சிலிலும் பால்பாயிண்ட் பேனாவிலும் எழுதியது நின்றது. மைப் பேனாவிலும் ஜெல் பேனாவிலும் எழுதியது கரைந்து போயிற்று. வீட்டில் அவர் மனைவியும் மகளுமாக, ஏடுகளுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து நிழலில் காய வைத்து, இரண்டு வாரத்தில் பெரும்பாலான பக்கங்களை மீட்டுத் தந்தார்கள்.

இன்று நாங்கள் செய்வது இது: தினமும் கடை அடைக்கும்போது கணக்கின் நகல் வெளியூரில் இருக்கும் மகளின் கம்ப்யூட்டருக்கும் போய்விடுகிறது. மாதம் ஒரு முறை பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்செடுத்து வீட்டு மாடியில் வைக்கிறோம். பாலிசி, சான்றுகள் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து மூன்று பேரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

பாடம் 3: நனைந்த சரக்கில் ஆசை வைக்கக்கூடாது

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நல்ல வணிகரும் தடுமாறுகிற இடம் இதுதான்.

அடுக்கின் உச்சியில் இருந்த சில அரிசி மூடைகள் பார்வைக்கு நனையாதவை போலவே இருந்தன. கையை விட்டுப் பார்த்தால் நடுவில் மட்டும் ஈரம். வெயிலில் காயப் போட்டால் விற்றுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வெளியூரிலிருந்து ஒரு தரகர் வந்து, நனைந்தது நனையாதது எல்லாவற்றையும் கால் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், எங்கே போகிறது என்று நீங்கள் கேட்க வேண்டாம் என்றார். கையில் பணம் இல்லாத நேரம். ஓர் இரவு முழுக்க வீட்டில் அதுவே பேச்சாக இருந்தது.

வெள்ளத் தண்ணீர் வெறும் மழைத் தண்ணீர் அல்ல. கழிவுநீர், செத்த கால்நடை, வயலின் பூச்சிமருந்து எல்லாம் கலந்து வருவது. அதில் ஊறிய தானியம் காய்ந்தாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கும். கடலையிலும் பருப்பிலும் பிடிக்கும் சில வகைப் பூஞ்சை நஞ்சு ஈரலைப் பாதிக்கக்கூடியது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. பிளாஸ்டிக் பாக்கெட், திருகு மூடி பாட்டில், அட்டைப் பெட்டி இவற்றுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நாம் உறுதி சொல்ல முடியாது. முழுத் தகர டின்னைக் கழுவிச் சுத்தம் செய்யலாம் என்றாலும், லேபிள் போய்விட்டால் காலாவதித் தேதி இல்லாத பொருளை விற்கக்கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் வயிற்றுப்போக்கு பரவுகிற காலத்தில், நம் கடைச் சாமான் அதற்குக் காரணமாகிவிட்டால் அந்தப் பெயரை எந்தத் தண்ணீராலும் கழுவ முடியாது.

தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். எல்லாவற்றையும் படம் எடுத்து, மூடை வாரியாக எண்ணிக்கை எழுதி, இன்சூரன்ஸ் சர்வேயரிடம் காட்டி, எழுத்தில் அனுமதி வாங்கிய பின் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தோம். புதைக்கும்போது லோடுமேன்கள் இருவர் கண் கலங்கினார்கள். அத்தனையும் அவர்கள் முதுகில் சுமந்து இறக்கிய மூடைகள்.

ஒரு எச்சரிக்கை: சர்வேயர் வரும் முன் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். நாற்றம் தாங்கவில்லை என்றால் கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிட்டு, படமும் மாதிரியும் எடுத்து வைத்துவிட்டு அகற்றலாம். அதேபோல் மின் இணைப்பை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மெயின் சுவிட்சைத் தொடக்கூடாது. தராசு நனைந்து பழுது பார்த்திருந்தால் மறுமுத்திரை போட்ட பிறகே புழங்க வேண்டும்.

பாடம் 4: இன்சூரன்ஸ் என்பது தொகை மட்டும் அல்ல

எங்களுக்கு பாலிசி இருந்தது. ஆனால் அது எங்களை முழுவதும் காப்பாற்றவில்லை. கம்பெனியைக் குறை சொல்ல வரவில்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். இரண்டு குறைகள் இருந்தன.

முதலாவது, பிரீமியம் மிச்சம் பிடிக்கச் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தோம். இதன் விளைவை ஓர் உதாரணக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். கடையில் இருந்த சரக்கு 20 லட்சம். பாலிசி எடுத்தது 10 லட்சத்துக்கு. வெள்ளத்தில் அழிந்தது 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் கிடைக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. மதிப்பில் பாதிக்குத்தான் பாலிசி எடுத்திருக்கிறோம் என்பதால் நஷ்டத்திலும் பாதி, அதாவது 6 லட்சம்தான் கணக்காகும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி, ஓரிடத்தில் 5 கோடி வரை சொத்து மதிப்புள்ள சிறு நிறுவனங்களுக்கானது. அதில் வெள்ளமும் அடங்கும். மதிப்பில் 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் இந்தப் பிடித்தம் கிடையாது. அதாவது 20 லட்சம் சரக்குக்கு 17 லட்சமாவது எடுத்திருந்தால் தப்பிக்கலாம். பொங்கல், தீபாவளி காலங்களில் சரக்கு இரட்டிப்பாவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பாலிசியில் கடை விலாசம் மட்டும் இருந்தது. அடுத்த தெருவில் வாடகைக்கு எடுத்த இரண்டாவது கிட்டங்கி எழுதப்படவில்லை. அங்கே இருந்த சரக்குக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. வங்கிக் கடனுக்காக வங்கியே எடுத்துக் கொடுக்கும் பாலிசி வைத்திருப்பவர்கள் இன்றே அதை வாங்கிப் பாருங்கள். விலாசம் சரியா, சரக்கு வகை சரியா, வெள்ளம் உண்டா என்ற மூன்றையும் பாருங்கள்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. அழிந்து போன சரக்குக்கு நாம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி திருப்பிக் கட்ட வேண்டும். இது பலருக்குத் தெரியாது; ஆண்டு முடிவில் ஆடிட்டர் சொல்லும்போதுதான் தெரிகிறது. சரக்கும் போய் வரியும் கட்டுவது வயிற்றெரிச்சல்தான். ஆகவே பாலிசிக்கு மதிப்புச் சொல்லும்போது வரியையும் சேர்த்துச் சொல்வது பற்றி உங்கள் ஆடிட்டரிடமும் ஏஜெண்டிடமும் கலந்து பேசுங்கள்.

வங்கிக் கடன் தவணையை இயற்கைப் பேரிடர் காலத்தில் மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டு விதிகள் இடம் தருகின்றன. அது தானாக நடக்காது. மேலாளரிடம் நேரில் சொன்னால் மட்டும் போதாது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்க வேண்டும்.

பாடம் 5: முதலில் திறந்த கடை ஊருக்குத் தைரியம் கொடுக்கிறது

எங்கள் கடைத்தெருவில் முதலில் திறந்தது ஒரு டீக்கடை. பால் இல்லை, கட்டஞ்சாயாதான். ஆனால் அடுப்புப் புகை தெரிந்ததும் ஜனங்கள் வந்து நின்றார்கள். யார் வீடு விழுந்தது, யாருக்கு என்ன வேண்டும் என்ற தகவல் எல்லாம் அங்கேதான் கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் நாங்களும் கடை வாசலில் ஒரு கட்டிலைப் போட்டு, மாடியில் தப்பியிருந்த சொற்பச் சாமானைப் பரப்பினோம்.

ஒரு ஊர் மீண்டு வரும்போது எந்தச் சாமான் எந்த வரிசையில் தேவைப்படுகிறது என்பதை அப்போது கண்ணால் கண்டோம். மற்ற ஊர் வணிகர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறோம்.

முதல் சில நாட்கள்: தீப்பெட்டி, மெழுகுவத்தி, பிஸ்கட், பால் பவுடர், குடிதண்ணீர், கொசுவத்தி, குழந்தைகளுக்கான சாமான்கள்.

அடுத்த இரண்டு வாரம்: துடைப்பம், வாளி, மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், துணி சோப்பு. சேறு அள்ளும் காலம் இது.

அதற்குப் பிறகு: பாய், போர்வை, பாத்திரம், அடுப்பு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம்.

பிறகுதான் அரிசி, பருப்பு. ஏனென்றால் அதுவரை நிவாரணமாக அவை வந்துகொண்டிருக்கும்.

மூட்டை மூட்டையாக அரிசி வாங்கி வைத்துவிட்டு, இலவசமாக அரிசி வருகிறதே, நம் வியாபாரம் போயிற்றே என்று சில நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் பசித்தவனுக்குச் சோறு வருவதை வணிகன் தடுத்துப் பேசக்கூடாது. அதற்குப் பதில் நாம் செய்யக்கூடியது வேறு. வெளியூரிலிருந்து உதவி செய்ய வந்த சில குழுக்களிடம், லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதற்குப் பதில் இங்கே திறந்திருக்கும் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டோம். இரண்டு குழுவினர் ஒப்புக்கொண்டார்கள். அதனால் நான்கு சிறிய கடைகள் ஒரே வாரத்தில் நிமிர்ந்தன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிக் குடும்பங்களுக்கு அரசு ரேஷன் கடை வழியாகக் கொடுத்த 6,000 ரூபாயில் பெரும்பகுதி உள்ளூர்க் கடைத்தெருவுக்குத்தான் வந்தது. ரொக்கமாக உதவி கிடைத்தால் அது பாதிக்கப்பட்ட வீட்டுக்கும் உதவும், பக்கத்துக் கடைக்கும் உதவும்.

இன்னொன்று, விலை. செல்போன் கோபுரங்கள் வேலை செய்யவில்லை, பணம் அனுப்ப முடியவில்லை, ரொக்கம்தான் ஓடியது. சாலை துண்டித்திருந்ததால் சுற்றி வந்த வண்டிக்கு வாடகை அதிகம். அந்த வாடகையைச் சேர்த்து விற்றதை யாரும் குறை சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னோம், கேட்டுக்கொண்டார்கள். ஆனால் மெழுகுவத்தியை இரட்டை விலைக்கு விற்ற ஒருவரை இன்றும் ஊர் மறக்கவில்லை. அதே நாட்களில், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட ஜனங்களை நம்பித்தான் நாம் கடை வைத்திருக்கிறோம்.

பாடம் 6: பழைய பாக்கியும் புதுப் பற்றும்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான பாடம். இதில் நாங்கள் செய்த பிழையையும் சேர்த்துச் சொல்கிறோம்.

தண்ணீர் வடிந்த முதல் வாரத்தில், பக்கத்துக் கிராமக் கடைக்காரர் ஒருவர் நடந்தே வந்தார். பதினைந்து வருடமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர். கடையும் வீடும் ஒரே கட்டிடம், இரண்டும் போயிருந்தன. "அண்ணாச்சி, பழசை நாலு மாசத்துல தீத்துருதேன். இப்போ அஞ்சு மூடை அரிசியும் கொஞ்சம் சில்லறைச் சாமானும் குடுங்க" என்று கேட்டார். எங்களுக்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரியாத நேரம். "பழசுல பாதியாவது கட்டுங்க, பிறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதே வாரம் எங்களுக்கு விருதுநகரிலிருந்து போன் வந்தது. நாங்கள் பருப்பு கொள்முதல் செய்யும் மண்டிக்காரர். அவருக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி பெரிய தொகை. அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று தயங்கித் தயங்கி எடுத்தோம். "அண்ணாச்சி, பழைய கணக்கு கிடக்கட்டும். லாரி எந்த இடம் வரைக்கும் வரும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். பாதி லோடு பருப்பு முன்பணம் இல்லாமல் வந்து இறங்கியது. அவர் எங்களுக்குச் செய்ததை நாங்கள் எங்களை நம்பியவருக்குச் செய்யவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அந்தக் கடைக்காரருக்கு ஆள் அனுப்பினோம். அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார். அந்தக் கடை பிறகு திறக்கவே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் தீப்பெட்டி வாங்கவும் நான்கு கிலோமீட்டர் போக வேண்டியதாயிற்று. எங்கள் பேரேட்டில் அந்தப் பக்கம் இன்னும் முடிக்கப்படாமல் இருக்கிறது. அதைப் பாக்கி என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அதன்பின் நாங்கள் செய்தது இது. மீதமுள்ள கடைக்காரர்களை வீட்டுக்கு அழைத்தோம். கணக்கு நோட்டு அப்போது காய்ந்துகொண்டிருந்தது. எங்களிடம் கணக்கு இல்லை, உங்கள் பாக்கியை நீங்களே சொல்லுங்கள் என்றோம். அவரவர் சொன்னதை எழுதிக்கொண்டோம். பழைய பாக்கியை ஒரு பக்கத்தில் நிறுத்தி, ஆறு மாதம் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டுப் புதுப் பக்கத்தில் புதுப் பற்று தொடங்கினோம். புதுப் பற்றுக்கு மட்டும் கண்டிப்பு: வாராவாரம் விற்ற அளவுக்குப் பணம் தர வேண்டும், பணம் தந்தால்தான் அடுத்த சரக்கு. சிறிய அளவில் கொடுத்து வந்ததால் அவர்களுக்கும் பாரமில்லை, எங்களுக்கும் பயமில்லை.

பிறகு நோட்டு காய்ந்து வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தோம். நாற்பத்திரண்டில் திருப்பூர் போனவரைத் தவிர்த்து நாற்பத்தொரு பேர். அதில் முப்பத்தாறு பேர் சொன்ன தொகை எங்கள் கணக்கோடு ஏறக்குறைய சரியாக இருந்தது. மூன்று பேர் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் எங்கள் கணக்கை விட அதிகம் சொல்லியிருந்தார்கள். விசாரித்தால் கடைசி வார பில்லை நாங்கள்தான் பதிய மறந்திருக்கிறோம். குறைத்துச் சொன்ன மூவரிடமும் நாங்கள் எதையும் காட்டவில்லை. அதில் ஒருவர் அடுத்த சித்திரையில் தாமாகவே வந்து மீதியைக் கட்டினார்.

ஆறு மாதம் என்று சொன்னதும் போதவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். நம் பகுதியில் கிராமக் கடைகளின் வாடிக்கையாளர்கள் வாழை, நெல், வெற்றிலை விவசாயிகளும் அந்த வயல்களில் வேலை செய்பவர்களும்தான். வாழை அழுகிப் போனால், மறுபடி கன்று நட்டுக் குலை வெட்டப் பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் அப்படித்தான், ஒரே நாளில் தளிர்க்காது. விவசாயி கையில் பணம் வராமல் கடைக்காரர் கைக்கு வராது. அவரிடம் வராமல் நம்மிடம் வராது. ஆகவே பாக்கிக்குத் தவணை சொல்லும்போது காலண்டரைப் பார்க்காமல் வயலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் தவணையை அடுத்த பொங்கல் வரை நீட்டினோம். பெரும்பகுதி வந்து சேர்ந்தது.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

தனிக் கடைக்காரர் ஒருவரால் எல்லாம் முடியாது. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் மழைக்காலத்துக்கு முன், அதாவது புரட்டாசியிலேயே, கீழ்க்கண்டவற்றை முடித்து வைக்கலாம் என்பது எங்கள் யோசனை.

1. உறுப்பினர்கள் எல்லோருடைய பாலிசியையும் ஒரு நாள் ஓரிடத்தில் கொண்டுவரச் செய்து, விவரம் தெரிந்தவரைக் கொண்டு விலாசம், தொகை, வெள்ளம் மூன்றையும் சரிபார்த்தல்.

2. ஊரில் மேடான இடத்தில் ஒரு பொதுக் கிட்டங்கியை மழைக்காலத்துக்கு மட்டுமாவது வாடகைக்குப் பிடித்து வைத்தல்.

3. சேறு இறைக்கும் மோட்டார், ஜெனரேட்டர், தார்ப்பாய் ஆகியவற்றைச் சங்கத்துக்குச் சொந்தமாக வாங்கி வைத்தல். வெள்ளம் வந்த பிறகு இவை எந்த விலைக்கும் கிடைக்காது.

4. லோடுமேன்களுக்கும் கடைப் பையன்களுக்கும் வேலை இல்லாத நாட்களில் கடைகளைச் சுத்தம் செய்யும் வேலையைக் கூலிக்குக் கொடுத்தல். அவர்கள் வெளியூர் போய்விட்டால் கடைத்தெரு திறந்தும் பயனில்லை.

5. வெளியூர் மண்டிக்காரர்களிடம் உறுப்பினர்கள் சார்பில் சங்கமே பேசித் தவணை வாங்குதல். தனியாகக் கேட்பதற்குக் கூச்சப்படுகிற சிறு வணிகருக்கு இது பெரிய உதவி.

6. அரசு அறிவிக்கும் சிறுவணிகர் கடன், நிவாரணம் ஆகியவற்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒரு மேஜை போடுதல்.

முடிவாக ஒன்று. எங்கள் கிட்டங்கிச் சுவரில் இப்போது இரண்டு கோடுகள் இருக்கின்றன. தகப்பனார் போட்ட கோட்டுக்கு வெகு உயரத்தில் மகன் 2023இன் கோட்டைப் போட்டிருக்கிறான். சரக்கு வாங்க வரும் இளைஞர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இவ்வளவு தண்ணீர் வந்த பிறகும் எப்படிக் கடையை நடத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். விருதுநகரில் ஒருவர் எங்களை நம்பினார், நாற்பத்தொரு பேரை நாங்கள் நம்பினோம், அதனால் நடத்தினோம் என்று பதில் சொல்கிறோம். நாங்கள் நம்பாமல் அனுப்பிய ஒருவரைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறோம்.

வரும் மழைக்காலத்துக்கு முன் உங்கள் பாலிசியை ஒரு முறை வாசியுங்கள். கணக்கின் நகலை வேறு வீட்டில் வையுங்கள். மறுபடி ஒரு வெள்ளம் வந்து, நஷ்டப்பட்ட ஒரு சிறு கடைக்காரர் உங்கள் வாசலில் வந்து நின்றால், பழைய பாக்கியைக் கேட்கும் முன் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.